முட்டுவலி மாத்திரை தின்றவர்கள்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
கொல்லம் 1110, ஆவணி 14

உபய க்ஷேமம். க்ஷேமத்துக்கு எழுதவும்.

பிரியமுள்ள ஞானையனுக்கு,

மேலே உள்ள க்ஷேமம் எனக்காக இதை எழுதுகிற சேஷன் சாமியுடையது. கச்சேரியில் மனு எழுதின கை, அப்படித்தான் தொடங்கும். சிவதாணு சொல்லுவது இங்கேயிருந்துதான் ஆரம்பம்.

குப்பி வந்து சேர்ந்தது. அஞ்சல்காரன் கையில் தந்ததும் காதோரம் வைத்து ஆட்டினேன். "மாத்திரை, முக்கால் குப்பி, நாகர்கோவில் கம்பவுண்டர் பொட்டலம்" என்றேன். "உள்ளே இருக்கது தெரியும், மேலே எழுதியிருக்கது மட்டும் அப்பாவுக்குத் தெரியாது" என்றாள் பகவதி. பெற்ற மகள் வாய்க்குப் பயந்தே பாதிக் காலம் போகிறது. முப்பத்தைந்து வருஷம் அஞ்சல் பை சுமந்து ஓடினவனுக்கு எழுத்து எதற்கு, கேட்டீரா.

முட்டு நோவு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனி மாதம் நீர் முதல் குப்பி அனுப்பும்போது கிணற்றடிக்குச் சுவரைப் பிடித்துப் போனவன், இப்போது கிழக்கேகோட்டை வரை நடந்து, கோயிலின் வடக்கு நடையில் நின்று கும்பிட்டுத் திரும்புகிறேன். நீர் எழுதினபடியே தின்கிறேன்: சாப்பிட்ட பிறகு வேளைக்கு ஒன்று, சோடா உப்புக் கரைத்த தண்ணீரோடு, நாலு நாள் தின்று மூன்று நாள் விடுவது. சாமி ஒரு தடவைதான் வாசித்தார்.

ஒரு குறை மட்டும். பத்து நாளாகச் சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. திருவோணத்துக்குப் பகவதி வைத்த பிரதமன் பாயசத்தை இரண்டு கரண்டியோடு நகர்த்தி வைத்தேன். அவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது. வயசுக் கோளாறாக இருக்கும்.

உம்முடைய வீட்டுக்காரி ஜெயபாய்க்குத் தோள் நோவு என்று எழுதியிருந்தீரே, எப்படி இருக்கிறாள்? ஓணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த வருஷமும் ஏமாற்றினீர்.

இப்படிக்கு,
சிவதாணு
(கைநாட்டு)


வடசேரி, நாகர்கோவில்.
1934 செப்டம்பர் 6

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணாச்சிக்கு, ஞானையன் தோத்திரத்தோடு எழுதுவது.

தேவகிருபையால் இங்கே எல்லாரும் சுகம். கடிதம் கிடைத்தது. நீங்கள் கிழக்கேகோட்டை வரை நடந்ததை ஜெயபாயிடம் வாசித்துக் காட்டினேன். "அண்ணாச்சிக்குக் காலு வந்தாச்சு, இனி பகவதிக்குத்தான் பாடு" என்று சிரித்தாள்.

அவளுக்கு ஜூலை மாதம் முதல் அதே மாத்திரைதான். கை தூக்கிக் கொண்டை போட முடியாமல் இருந்தவள், இப்போது தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கிறாள். இந்த மாத்திரை வந்ததிலிருந்து என் கடைக்கே ஒரு மவுசு. சுசீந்திரத்து நாதஸ்வரக்காரருக்கு விரல் முட்டெல்லாம் வீங்கி வாசிக்க முடியாமல் இருந்தது. மூன்று வாரத்தில் திருவிழாவுக்கு வாசித்துவிட்டு, நேராகக் கடைக்கு வந்து ஒரு சீப்புப் பழம் வைத்தார். கிறிஸ்தவன் கடையில் சாமி பிரசாதம் வைக்காதேயும் என்றேன். "மருந்துக்குக் கொடுத்தது, உமக்கில்லை" என்றார்.

எனக்கும் குழவி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் அடியில் குத்து. இரண்டு நாள் போட்டேன், பறந்துவிட்டது. இப்போதும் எப்போதாவது ஒன்று.

சாப்பாட்டு வெறுப்புக்கும் அரிப்புக்கும் பித்தம்தான் காரணம். சுக்குத் தண்ணீர் குடியுங்கள். மாத்திரையை விட வேண்டாம். அடுத்த குப்பியும் இத்துடன் வருகிறது. சேஷய்யருக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி,
ஞா. ஞானையன்


திருவனந்தபுரம், ஆஸ்பத்திரி.
1110, புரட்டாசி 25

ஞானையனுக்குச் சிவதாணு சொல்லுவது.

கட்டிலில் கிடந்து சொல்லுகிறேன். சாமி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார். பயப்பட ஒன்றுமில்லை, இப்போது தேறிவிட்டேன்.

புரட்டாசி பிறந்த ஐந்தாம் நாள் கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் பாலில்லாத கட்டங்காப்பி நிறம். காமாலை என்று பகவதி கீழாநெல்லி பறித்து அரைத்து, மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் தந்தாள். ஆறு நாள் குடித்தேன். மத்தியானம் சோறு தின்றதும் உம்முடைய மாத்திரையும் போட்டேன். காமாலைக்குக் கீழாநெல்லி, முட்டுக்கு மாத்திரை, இரண்டும் இரண்டு வழி என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த வாரம் பாரும், முட்டில் நோவென்பதே இல்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அதனால் மாத்திரை மேல் நம்பிக்கை கூடிற்று.

ஏழாம் நாள் பச்சைத் தண்ணீர் வயிற்றில் நிற்கவில்லை. பட்டப்பகலில் தூங்கித் தூங்கி விழுந்தேன். மருமகன் வில்வண்டி பிடித்து இங்கே கொண்டுவந்து போட்டார்.

இங்கே டாக்டர் நாகேஸ்வரன் என்று ஒருவர். சின்ன வயசு, பொறுமைசாலி. "மூணு மாசமா என்னென்ன தின்னீர், குடிச்சீர், சொல்லும் பாப்போம்" என்றார். எல்லோரிடமும் கேட்பதுதான், யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லுவதில்லையாம். நான் ஆனி பதினொன்றாம் தேதி முதல் மாத்திரையில் தொடங்கி ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். விட்ட நாள், தின்ற நாள், பிரதமனை நகர்த்தின நாள், அரிப்பு வந்த நாள். அவர் இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார். "பெரியவர் எதிலயாவது குறிச்சு வச்சிருந்தீரோ?" "எழுதத் தெரியாது டாக்டரே" என்றேன். "அப்ப சரி. தெரிஞ்சிருந்தா மறந்திருப்பீர்" என்று சிரித்தார்.

பிறகு குப்பியை வாங்கி மேலே உள்ளதை வாசித்தார். சிங்கோபன் என்று பெயர் சொன்னார். முட்டு நோவைக் குறைக்கும், ஆனால் சிலருடைய ஈரலைக் கெடுக்கும், சொன்ன அளவில் தின்றாலும் கெடுக்கும், யாருடையதை என்று முன்னாலே அறிய வழியில்லை என்றார். வெளிநாட்டில் இப்படி ஆள் செத்ததாகவும் புத்தகத்தில் வந்திருக்கிறதாம். கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டேன். "அது இருக்கட்டும். வீட்டுக்குள்ள தீ வைக்கிறவனை நிறுத்தாம தண்ணி ஊத்தி என்ன செய்ய?" என்றார். அதற்கென்று தனி மருந்து கிடையாது. மாத்திரையை நிறுத்துவதும், அசையாமல் கிடப்பதும், குளுக்கோஸ் தண்ணீரும், சர்க்கரை போட்ட கஞ்சியும்தான் வைத்தியம். தேங்காய், எண்ணெய் வாசனையே கூடாது. எழுந்து உட்கார்ந்தால் "அம்மாவா, அனங்காதே கிடக்கணும்" என்று மாமா முறை வைத்து, அசையாதே என்று மலையாளத்தில் அதட்டிக்கொண்டு நர்சு ஓடி வருகிறாள். ஊரெல்லாம் ஓடினவனை இப்படிக் கட்டிப்போட்டாயிற்று. இன்றோடு பதினைந்து நாள். மஞ்சள் இறங்குகிறது. முட்டு நோவும் திரும்பி வந்துவிட்டது. வரட்டும்.

ஞானையா, இது உம்முடைய கைக் குற்றமில்லை. 1081-ல் வில்லுக்குறிப் பாலத்தடியில் என் கால் புண் அழுகி, விரலை எடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னபோது, இருபது நாள் கழுவிக் கட்டி அந்தக் காலை எனக்குத் தந்தவர் நீர். ஆனால் ஜெயபாய்க்கு அந்த மாத்திரையைத் தயவாய் நிறுத்தும். கடையிலும் கொடுக்காதேயும்.

சிவதாணு
(கைநாட்டு)


வடசேரி.
1934 அக்டோபர் 16

அண்ணாச்சி அவர்களுக்கு,

தங்கள் உடம்பு தேறியது அறிந்து ஆண்டவருக்கு நன்றி செலுத்தினேன்.

மற்றபடி தங்கள் கடிதத்தின் பிற்பகுதி எனக்கு மனவருத்தம். முப்பது வருஷமாக மருந்து கலக்குகிறேன். மிஷன் ஆஸ்பத்திரியில் துரைமார் கையின்கீழ் படித்தவன். நேற்று வந்த டாக்டர் ஒரு இங்கிலீஷ் பெயரைச் சொன்னதும், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத தாங்கள் எனக்கு எது விஷம், எது மருந்து என்று சொல்லித் தருகிறீர்கள். நான் எழுதிய அளவு ஒன்று, தாங்கள் தின்றது ஒன்றாக இருக்கும். அறுபத்தேழு வயசில் மறதி வருவது குற்றமில்லை. மழைக்காலத்தில் அந்த ஊரில் காமாலை வராத தெரு உண்டா? கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள்.

ஜெயபாய்க்கு ஒன்றுமில்லை. போன வாரத்தோடு தோள் நோவு அடியோடு போய்விட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறாள். மருந்து கெட்டதானால் இப்படிக் குணமாகுமா? கொஞ்சம் சோர்வு இருக்கிறது. அயிரைக் குழம்பு வாசனை பிடிக்கவில்லை என்று சட்டியோடு எடுத்து அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டாள். உள்ளங்கையைச் சொறிகிறாள். உஷ்ணம்தான். கடையில் மழைக்காலக் காய்ச்சல் கூட்டம், விடியுமுன் போனால் விளக்கு வைத்துத்தான் திரும்புகிறேன். இல்லாவிட்டால் நானே நல்ல கஷாயம் வைத்துக் கொடுத்திருப்பேன்.

இந்த விஷயத்தை இனிமேல் எழுத வேண்டாம்.

ஞானையன்


வலியசாலை.
1110, ஐப்பசி 3

ஞானையனுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். உம்முடைய கடிதத்தைச் சாமி பாதியில் நிறுத்தி, "இதை வாசிக்க வேண்டாம் ஓய்" என்றார். வாசியும் என்றேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லும். ஆனால் நீர் எழுதினதை நீரே ஒரு தடவை கேளும். தோள் நோவு அடியோடு போய்விட்டது. குழம்பு வாசனை பிடிக்கவில்லை. உள்ளங்கையைச் சொறிகிறாள். சோர்வு. இதை நீர் ஜெயபாயைப் பற்றி எழுதினீரா, என்னைப் பற்றி எழுதினீரா? எனக்கு இந்த வரிசையிலேதான் வந்தது. முதலில் சோறு பிடிக்கவில்லை, பிறகு அரிப்பு, பிறகு முட்டு நோவு அடியோடு போயிற்று. நோவு போன அதே வாரம்தான் கண் மஞ்சளாயிற்று. நாகேஸ்வரன் டாக்டரிடம் போய்க் கேட்டேன். காமாலை வரும்போது முட்டு வீக்கம் வடிந்துவிடுவது உண்டு, ஏனென்று பெரிய டாக்டர்களுக்கே தெரியாது என்றார். நோவு போயிற்றே என்று நீர் சந்தோஷப்படுகிற இடத்தில்தான் எனக்குப் பயம்.

நீர் அவளைப் பார்ப்பது விளக்கு வெளிச்சத்தில். மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் எல்லாருடைய கண்ணும் மஞ்சள்தான். ஒரு நாள் கடையைத் தாமதமாகத் திறந்தால் ஊர் அழிந்துபோகாது. பகலில், முற்றத்தில் நிறுத்தி, கண் இமையை விலக்கிப் பாரும். மஞ்சள் இல்லையென்றால் நான் மறதிக் கிழவன் என்று எழுதும், சாமியை வைத்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மாத்திரையை இன்றைக்கே நிறுத்தும்.

சிவதாணு
(கைநாட்டு)


(அஞ்சல் கார்டு)

வலியசாலை. ஐப்பசி 16

ம.ரா.ரா. ஞானையன், மருந்துக்கடை, வடசேரி.

ஜெயபாயின் கண்ணைப் பகல் வெளிச்சத்தில் பாரும்.

சிவதாணு


நாகர்கோவில்.
1934 நவம்பர் 22

அண்ணாச்சிக்கு, ஞானையன்.

என்ன எழுதித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாங்கள் ஐப்பசி மூன்றாம் தேதி எழுதிய கடிதத்தைக் கோபத்தில் பிரிக்காமல் கடை மேசை டிராயரில் போட்டேன். நவம்பர் மூன்றாம் தேதி சனிக்கிழமை கார்டு வந்தது. கார்டை வாசிக்காமல் இருக்க முடியாதே. வாசித்ததும் இன்னும் கோபம் வந்தது. மறுநாள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. அதற்கு முந்தின இரண்டு ஞாயிறும் சோர்வென்று வீட்டில் கிடந்தவள் அன்றைக்கு வந்திருந்தாள். ஆராதனை முடிந்து, பூசணிக்காயும் வாழைக்குலையும் ஏலம் போடும் இடத்தில், வெயிலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு.

அங்கேயிருந்தே வண்டி பிடித்து, நான் பழைய வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் அதே கேள்வி, அதே பெயர். தங்களுடைய டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார்கள். மாத்திரை நின்றது. குளுக்கோஸ், படுக்கை. மூன்றாம் நாள் அவளுக்குப் பேச்சு குழறிற்று. செத்துப்போன அவள் அம்மாவைக் கூப்பிட்டாள், என்னை யாரென்று கேட்டாள். குளுக்கோஸை நரம்பில் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் காலையில் "கடையைத் தொறக்கலையா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் நான் சாப்பிட்டேன். இன்றைக்குப் பதினெட்டு நாள். மஞ்சள் பாதி இறங்கியிருக்கிறது. பிழைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள்.

டிராயரில் கிடந்த கடிதத்தை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்து வாசித்தேன். அண்ணாச்சி, நான் எழுதினதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

ஒரு உதவி வேண்டும். கடையிலிருந்த குப்பிகளை உடைத்துக் குழியில் போட்டுவிட்டேன். ஆனால் கொடுத்ததை என்ன செய்வது? கேட்டவர்களுக்கெல்லாம் பெயர் கூட எழுதாமல் கொடுத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டேன், வராதவர்கள் யாரென்று நினைவில்லை. தங்களுக்கு எழுதிய கடிதங்களில், இன்னாருக்குக் குணமாயிற்று என்று பெருமையடித்து எழுதியிருப்பேன். அந்தக் கடிதங்கள் இருந்தால், சேஷய்யரைத் தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஞானையன்


வலியசாலை.
1110, கார்த்திகை 11

ஞானையனுக்குச் சிவதாணு சொல்லுவது.

ஜெயபாய் கடை திறக்கச் சொன்னாள் என்று கேட்டதும் பகவதி அடுக்களைக்குள் போய் அழுதாள். எனக்கு மனசு ஆறிற்று.

மூடின கடிதம் பிரித்தால்தான் பேசும், கார்டு தானே பேசும். முப்பத்தைந்து வருஷம் இரண்டையும் தோளில் சுமந்தவனுக்கு அது தெரியும். அதனால்தான் சாமி ஒரு முழுப் பக்கம் எழுத உட்கார்ந்தபோது ஒரு வரி போதும் என்றேன்.

உம்முடைய கடிதம் ஒன்றும் இங்கே இல்லை. வாசித்து முடித்ததைப் பகவதி அடுப்புப் பற்றவைக்க எடுத்துப்போவாள், நான் தடுப்பதில்லை. கேட்ட பிறகு எனக்குக் காகிதம் எதற்கு? சொல்லுகிறேன், குறித்துக்கொள்ளும்.

முதல் ஆள் 1108 மாசியில். ஒழுகினசேரி நேசமணி வாத்தியார், இடுப்பு நோவு. இரண்டு குப்பி வாங்கி, ஒன்றைத் தூத்துக்குடியில் இருக்கிற தம்பிக்கு அனுப்பினார் என்று எழுதினீர். ஆகவே அங்கே இரண்டு பேர். அந்தப் பங்குனியில் கோட்டாற்றுத் துணிக்கடை நீலகண்டன். அவருக்குச் சாராயப் பழக்கம் உண்டு என்று நீரே எழுதியிருக்கிறீர். சாராயக்காரனுக்கு இது இரட்டைக் கெடுதல் என்று டாக்டர் சொல்லுகிறார், அவரிடம் முதலில் போம். 1109 ஆடியில், வடிவீசுவரம் அக்கிரகாரத்தில் லலிதாம்பாள் என்று ஒரு அம்மாள். கடைக்கு வரமாட்டாள், மோர்க்காரி மூலம் வாங்கினாள். மோர்க்காரியும் ஒன்றிரண்டு எடுத்திருப்பாள், அவளையும் கேளும். அதே ஆடியில் தக்கலைக் கச்சேரிப் பியூனுடைய தாயார். பெயர் நீர் எழுதவில்லை. கச்சேரிக்குப் பின்னால் பன்னீர் மரம் நிற்கிற வீடு, படியில் ஒரு கல் உடைந்திருக்கும். அந்த வழி எத்தனை வருஷம் ஓடினேன், பியூன் பிள்ளையாய்த் தவழ்ந்த காலத்திலிருந்து தெரியும். பிறகு இந்த ஆவணியில் எழுதின சுசீந்திரத்து நாதஸ்வரக்காரர், பழச்சீப்பு கொண்டுவந்தவர்.

சாமி எழுதுவதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுதும் சாமி, இன்னும் ஒருவர் பாக்கி.

அந்த ஆவணிக் கடிதத்திலேயே, நாதஸ்வரக்காரருக்கு அடுத்ததாக, கட்டைவிரல் குத்துக்கு ஒரு கம்பவுண்டர் தின்றிருக்கிறார். எப்போதாவது ஒன்று என்று எழுதியிருந்தது. இப்போது வந்த கடிதத்தில் ஜெயபாய் நிறுத்தினாள் என்று இருக்கிறது, கடைக் குப்பிகளை உடைத்தது இருக்கிறது. அந்தக் கம்பவுண்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்காமல் விட்டேனோ என்று சாமியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். இல்லை. பதினெட்டு நாள் கட்டிலடியில் கண் முழித்து உட்கார்ந்தவனுக்கு விரல் குத்தும், முதுகும் குத்தும். சட்டைப் பையில் ஒரு சின்னக் குப்பி இருக்கும். ஊருக்குச் சொல்லிவிட்டு அதைக் கையில் வைத்திருக்கிற ஆள் நீர் என்பது எனக்குத் தெரியும்.

மன்னிப்பு என்று எழுதியிருந்தீர். ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாதவன் என்று நீர் எழுதினதை மறந்துவிடத்தான் பார்க்கிறேன். இந்தத் தலையில் விழுந்தது போகமாட்டேன் என்கிறது. அது ஒரு மூலையில் கிடக்கட்டும். வில்லுக்குறியில் புண் கழுவின இருபது நாளும் அதே தலையில்தான் இருக்கிறது.

இதற்கு எழுத்தில் பதில் வேண்டாம். அந்தச் சட்டைப்பைக் குப்பியைக் கொட்டிவிட்டு, கழுவிக் காயவைத்து, பொட்டலம் கட்டி எனக்கு அனுப்பும். ஆட்டிப் பார்த்தால் போதும். அன்றைக்குச் சாமி வர வேண்டியதில்லை.

சிவதாணு
(கைநாட்டு)